படிக்காமல் விட்ட வரி

“பேய்ப்படத்துல என்னம்மா அரசியல் இருக்கு? வேற தலைப்பு பாருங்க,” என்று முதுகலை ஆய்வு நேர்காணலில் ஒரு விரிவுரையாளர் என்னிடம் சொன்னார். அறிவியல் திகில் படங்களில் வரும் நிறுவனங்களையும் நஞ்சேறிய நிலங்களையும் பற்றி ஆராயப் போவதாகச் சொல்லியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எடுத்த தலைப்பை விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அவருக்கு என் பதில் ஒரு நாற்றத்தில் தொடங்குகிறது.

அடுப்பில் மறந்து வைத்த பிளாஸ்டிக் கரண்டி உருகும்போது வருமே, அந்த நாற்றம். கிள்ளான் நகரில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது; அங்கேதான் அம்மா குப்பை பிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை, உலைக்குக் கிடையாது. அப்பா லோரியோடு ஜொகூர் பக்கம் போயிருப்பார். ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரக் கைலியைச் செருகிவிட்டு, விசிறி அதே சூட்டைச் சுற்றிச் சுற்றி அடிக்க, அம்மாவும் நானும் “பாசார் மாலாம்” என்ற இரவுச் சந்தைக் கடையில் வாங்கிய டிவிடிகளைப் பார்ப்போம். குடும்பப் படம் வாங்கினால் அம்மாவுக்குப் பிடிக்காது. “அழுவுறதுக்குப் படம் வேறயா? பூதம் இருக்கறத எடு,” என்பார்.

படம் ஆங்கிலம், கீழே ஓடும் எழுத்து மலாய். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது, எழுத்தும் தெரியாது. பன்னிரண்டு வயதில் நான்தான் வரிக்கு வரி தமிழில் சொல்வேன், அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

“இவனுங்க ஏன் வெளிய ஓடல?”

“கதவ கம்பெனி பூட்டிருச்சும்மா.”

“உள்ள பூதம் இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியுமா?”

“முன்னாடியே தெரியும்.”

“அப்ப நம்ம சூப்பர்வைசர் மாதிரிதான் லா,” என்று அம்மா சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

கழிவு கொட்டிய ஏரியிலிருந்து எழும் உருவமோ, அரசாங்கம் சுற்றி வளைத்து மூடிய நகரமோ, வேற்றுக் கிரகத்துச் சுரங்கமோ, எதுவானாலும் அந்தப் படங்களில் யாரோ ஒருவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும், ஓர் அறிக்கை எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பூதத்தை விட அந்த அறிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. வேலையை விட்டுவிடலாமா என்று கேட்க ஆரம்பித்தார். விட்டால் அப்பா சம்பளம் மட்டும் போதாது, என்னைக் காஜாங்கில் பெரியம்மா வீட்டுக்கு, அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்புவதாகப் பேச்சு. இடைநிலைப் பள்ளிக்குப் போவது அதோடு சரி. அந்த வாரம்தான் தொழிற்சாலையிலிருந்து மலாயில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது.

“எல்லாரும் கையெழுத்து போடணுமாம். என்னான்னு படி.”

வேலை நேரம், முகக்கவசம், விடுமுறை என்று படித்துக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், புகையால் வரும் எந்த நோய்க்கும் நிறுவனம் பொறுப்பாகாது, தொழிலாளி இதை அறிந்தே ஒப்புகிறார் என்றிருந்தது. எனக்கு நன்றாகப் புரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், காஜாங்கை நினைத்தேன், காகிதத்தை மடித்தேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா.”

நான் கற்றுக்கொடுத்த எழுத்துகளில், நாக்கைப் பல்லிடையில் கடித்துக்கொண்டு, அம்மா மெல்லத் தன் பெயரை எழுதினார்.

அடுத்த ஞாயிறு பார்த்த படத்தில் ஓர் அதிகாரி ஆட்களிடம் அறிக்கையை மறைத்தான். “பாவி, படிச்சவன், தெரிஞ்சே மறைக்கிறான் பாரு,” என்றார் அம்மா. நான் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 

நான் பள்ளி முடித்தேன், பட்டம் பெற்றேன். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை, வேறு பெயரில் வேறு இடத்தில் உருக்குகிறார்களாம். அந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி நிற்கிறது. டிவிடிக் கடைகள் போன இடமும் தெரியவில்லை. அம்மாவின் நுரையீரலில் மட்டும் எதுவும் காலியாகவில்லை. நான்கு படி ஏறினால் நின்றுவிடுகிறார். போன மாதம் தொழிலாளர் அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கப் போனோம். “தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டிருக்காங்கன்னு கம்பெனி சொல்லுதே,” என்று அதிகாரி அந்தக் கடிதத்தின் நகலைத் திருப்பிக் காட்டினார்.

அன்று அந்த வரியைப் படிக்காமல் மறைத்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். 

“நீ அத படிச்சிருந்தாலும் போட்டுதான் இருப்பேன், வேற என்ன வழி?” என்றார். “ஆனா தெரிஞ்சு போட்டிருப்பேன்.”

 

போன திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸில் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் முன்னால், என் அம்மாவுக்குப் பெயர் எழுதுவதைத் தவிர எழுத்துத் தெரியாது, கடிதத்தைப் படித்தது நான், அந்த வரியை வேண்டுமென்றே விட்டதும் நான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டு, அன்று மத்தியானமே அதை அம்மாவின் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.