மாஸ்டர் முதுகும் கரண்டு பில்லும்

வெயில் மண்டையைப் பிளக்கிற காலத்தில் கையில் கம்பளிச் சுவெட்டரோடு ஒரு பெண் தினமும் தெருவில் நடந்து போனால் சுற்றியிருக்கிற வாய்கள் சும்மா இருக்குமா? பேர் வைத்துவிட்டன. சுவெட்டரக்கா. பால்காரரிலிருந்து மூலைக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் சுவெட்டரக்காதான். அவளுடைய சொந்தப் பேரைத் திடீரென்று கேட்டால் பெற்ற மகளே ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வாள்.

சாயங்காலம் தெரு மொத்தமும் நிழல் விழுகிற பக்கத்துச் சுவரை ஒட்டி நடக்கும். இவள் மட்டும் எதிர்ப்பக்கம், வெயில் அடிக்கிற பக்கம், ஆற அமர வருவாள். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி ஏறி, பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். மற்றவர்கள் கை வைத்தால் சுரீரென்று சுடும் சுவர் அது. அவளுக்குச் சொர்க்கம்.

கிறுக்கெல்லாம் இல்லை. ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்கிடங்கில் அவளுக்குப் பெட்டி அடுக்குகிற வேலை. உள்ளே போனால் மூச்சு புகையாக வரும், இமை மயிரில் பனி ஒட்டும். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு, அதற்குள் சுவெட்டர், ஓட்டை விழுந்த கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் என்று மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே நிற்க வேண்டும். பிறகு வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம், மறுபடி உள்ளே. விரல் கணு ஒவ்வொன்றும் சிவந்து, சூடு பட்டதும் அரிக்க ஆரம்பிக்கும். இந்த லட்சணத்தில் சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம், "உனக்கென்னம்மா, குடுத்து வெச்சவ, நாள் பூரா ஏசில வேலை" என்பார்கள். அப்படிச் சொல்கிற வாயையெல்லாம் உள்ளே தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டால் என்ன என்று அவள் நினைத்துக்கொள்வாள். வெளியே சிரித்துவைப்பாள். ஐஸ்கிரீமை அவள் நாக்கில் வைத்தே பல வருஷம் ஆகிறது.

ஜாடிக்கேத்த மூடி என்பார்கள். இவளுக்கு வாய்த்த மூடி அடுப்பில் வேகிற மூடி. புருஷன் பேக்கரியில் ரொட்டி மாஸ்டர். விடியும் முன்பே போய் அடுப்புக்கு முன்னால் நின்றால் மத்தியானம் வரைக்கும் நிற்க வேண்டும். வலது முன்னங்கையில் ஒரு மயிர் கிடையாது, எல்லாம் பொசுங்கிப்போனது. தலையில் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினாலும் உடம்பு ஆறாது. தொட்டால் கொதிக்கும், முகர்ந்தால் ரொட்டி வாசனை வரும். விடியலில் எழ வேண்டியவர் என்பதால் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்.

அவர் ஒருக்களித்துப் படுத்ததும் இவள் தன் இரண்டு உள்ளங்கையையும் அவர் முதுகில் அப்புவாள். "ஐயோ" என்று ஒரு சத்தம் போடுவார் மாஸ்டர். அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அடுத்த நிமிஷமே முதுகை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுப்பார். அவருக்குச் சூடு இறங்கும், இவளுக்கு விரல் மரத்தது தெளியும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். இதற்காக யாரும் எந்த பில்லும் கட்டியதில்லை.

அந்த வருஷத்து வெயில் வேறு ரகம். போதாக்குறைக்கு பேக்கரி முதலாளி இரண்டாவது அடுப்பும் போட்டார். மாஸ்டர் முதுகு முழுக்க வேர்க்குரு. மகள் கல்லூரியில் படிக்கிறவள், தோழி வீட்டுக் கதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவாள். எல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஏசி வந்தே விட்டது. தவணைதான். மாஸ்டர் ரிமோட்டைக் கையில் வாங்கி பதினெட்டில் வைத்தார். அதற்குக் கீழே அந்த ரிமோட்டில் எண் கிடையாது. இருந்திருந்தால் அங்கேயும் போயிருப்பார்.

முதல் நாளே மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அந்த அறையிலேயே விரித்துவிட்டாள். விளக்கணைந்தது. இவள் வழக்கம்போல முதுகில் கை வைத்தாள்.

"ஏய், தள்ளிப் படு. குளிருது" என்றார் மாஸ்டர்.

எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை தட்டுகூடப் பறந்திருக்கிறது. ஆனால் தள்ளிப் படு என்கிற வார்த்தை அதுவரை வந்ததே இல்லை. அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்து பார்த்தாள். பகலெல்லாம் கம்பெனியில் குளிர், ராத்திரி வீட்டிலும் குளிர் என்றால் மனுஷி என்ன மீனா? மூன்றாம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். ஏன் போகிறாய் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும் என்று காத்திருந்தாள். குறட்டைதான் வந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு அம்மா, நாலு பேர் முன்னால் நின்று, என் கையை முதுகில் வைக்க விடமாட்டேன் என்கிறார் என்று சொன்னால் கைகொட்டிச் சிரிக்க மாட்டார்களா? கோபத்தை மென்று முழுங்கிக்கொண்டு திரிந்தாள். அந்தச் சமயம் பார்த்து கரண்டு பில் வந்தது. போன தடவையைப் போல மூன்று மடங்கு. யூனிட் விலையை ஏற்றியிருந்தார்கள், போதாததற்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் அடுத்த படியின் விலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீடே வாயைப் பிளந்தது. சுவெட்டரக்காவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

பிடித்துக்கொண்டாள். ரொட்டி வேக வைத்துச் சம்பாதித்ததைக் காற்றில் கரைக்கிறீர்கள் என்றாள். இந்தப் பெட்டி இந்தக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத்தான் ஓயும் என்றாள். மாஸ்டர் பயந்துபோய் இரண்டு நாள் இருபத்தாறில் வைத்தார், மூன்றாம் நாள் பதினெட்டுக்கே திரும்பினார். அவள் வீட்டில் ஆட்சியைக் கையில் எடுத்தாள். கூடத்தில் ஒரு விளக்குதான். டிவி கிடையாது. பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தால் அடி விழும். மகள் செல்போனுக்குக் கல்லூரியிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தாள். இத்தனைக்குப் பிறகும் அடுத்த பில் அதற்கு மேலே வந்தது.

மாஸ்டருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஏசியாலதான் இவ்ளோ வருதுன்னு நிரூபி. அப்படி மட்டும் இருந்துச்சு, அன்னிக்கே கழட்டி வித்துடுறேன்" என்றார்.

வாயிலிருந்து வார்த்தை வந்ததோ இல்லையோ, அவள் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி எலக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். சாப்பாடும் தடபுடலாகச் செய்தாள். ஏசி இறங்கிவிட்டால் மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போவாள், தன் தலையணை கட்டிலுக்குத் திரும்பும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

தம்பி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வாசலில் மீட்டருக்கு முன்னால் போய் நின்றான். மீட்டரில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்டு அதிகம் போனால் படபடவென்று கண்ணடிக்கும், குறைந்தால் நிதானமாகும். ஏசியைப் போடச் சொன்னான். விளக்கு படபடத்தது. சுவெட்டரக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதும்.

பிறகு ஏசியை நிறுத்தச் சொன்னான். மின்விசிறி, பிரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னான். மகள் ஒவ்வொன்றாக ஓடி ஓடி நிறுத்திவிட்டு வந்தாள்.

மீட்டர் விளக்கு நிற்கவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"வீட்டுக்குள்ள இன்னும் ஏதோ ஓடுதுக்கா" என்றான் தம்பி. ஏசி அளவுக்கும் மேலேயே இழுக்கிறது, என்னவென்று பார்ப்போம் என்று உள்ளே போனான்.

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. குளியலறையில் தண்ணீர் சுட வைக்கிற ஹீட்டர் ஒன்று உண்டு. இவர்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது, பல வருஷம் யாரும் தொடாமல் கிடந்தது. கூடத்துக்குப் படுக்க வந்த மறுநாளிலிருந்து அவள்தான் அதைப் போட ஆரம்பித்தாள். வேலை விட்டு வந்ததும் சுடச்சுடக் குளியல். படுக்கப் போகும் முன் ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்காருவாள். தானாக நிற்காத பழைய ரகம், பல நாள் நிறுத்த மறந்துவிடுவாள். சுவிட்சில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு யார் கண்ணிலும் படக் கூடாது என்று அதன் மேல் துண்டைப் போட்டு வைத்திருந்தாள். ஒரு வாளித் தண்ணீருக்கு என்ன பெரிய கரண்டு ஆகிவிடப்போகிறது என்று மனசுக்குச் சமாதானம் வேறு. அன்றைக்குக் காலையில் போட்டதும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி துண்டை எடுத்தான். சுவிட்சை அமர்த்தினான். வாசலில் நின்ற மகள், "நின்னுடுச்சு மாமா" என்று கத்தினாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். அதுவும் சூனியக்காரனுக்கு விருந்து போட்டு. ஏசியும் ஹீட்டரும் சேர்ந்துதான் இந்தக் கூத்து, அக்கா பேரில்தான் பெரிய பங்கு என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மாஸ்டர் சும்மா விடுவாரா? எத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டவர். மாவு பிசைகிற மாதிரி நிதானமாக ஆரம்பித்தார். உலகமே ஐஸ் தண்ணீருக்கு அலைகிற காலத்தில் இந்த வீட்டில் ஒரு மகாராணி வெந்நீரில் ஊறுகிறாள் என்றார். இருட்டில் சோறு தின்ன வைத்தவள் யார் என்று மச்சானிடமே நியாயம் கேட்டார். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டு சுவிட்சிலிருந்து எடுத்த துண்டை முறுக்கியபடி நின்றாள். கடைசியில், "இந்த வெயில்ல எதுக்குடி உனக்குச் சுடுதண்ணி?" என்று கேட்டார்.

துண்டைக் கீழே போட்டாள்.

"உங்க முதுகு இருந்த வரைக்கும் எனக்கு ஹீட்டர் தேவைப்படல" என்றாள். "குளிருது, தள்ளிப் படுன்னு சொன்னீங்கல்ல? அன்னிலேருந்துதான் தேவைப்படுது."

தம்பி திடீரென்று ஸ்குரூ டிரைவரைப் பையில் தேட ஆரம்பித்தான். அது அவன் கையில்தான் இருந்தது. மகள் மீட்டரை உற்றுப் பார்த்தாள். மாஸ்டருக்கு அடுப்பு முன்னால் நின்று நின்று கறுத்த முகம். அதில் வெட்கம் வந்தால் எப்படித் தெரியும்? காதில் தெரிந்தது. அவர் அவள் கையைப் பிடித்து, விரல் கணுக்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு வீங்கியிருக்கிறதா என்று முணுமுணுத்தார். தினம் ராத்திரி அந்தக் கை முதுகில் இருந்தவரைக்கும் அவருக்கு அது தெரிந்திருந்தது, தள்ளிப் படு என்ற பிறகுதான் தெரியாமல் போனது.

அதற்குப் பிறகு யாரும் ஏசியை விற்பது பற்றிப் பேசவில்லை. தம்பி, வேறு ஒரு வேலை இருக்கிறது மாமா என்று கிளம்பினான். சாயங்காலம் மகள் தானாகவே பாயைச் சுருட்டிக் கூடத்தில் விரித்தாள். உள்ளே ஒரே புழுக்கம், எனக்கு வேண்டாம் என்றாள். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையைப் பற்றித்தான் அப்படிச் சொன்னாள். வாய்தான் நீளமே தவிர விவரமான பெண்.

எட்டு மணிக்கு மாஸ்டர் படுத்தார். ரிமோட்டை எடுத்து ஏசியை அவரே நிறுத்தினார். சுவரைப் பார்த்து ஒருக்களித்து, சட்டையில்லாத முதுகைக் காட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கக் கிடந்தார். சுவெட்டரக்கா உடனே போய்விடவில்லை. அவளுக்கும் ஒரு கெத்து வேண்டாமா? கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அடுப்பு மேடையை இரண்டு தடவை துடைத்தாள். உள்ளேயிருந்து செருமல் சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு செருமல். பிறகுதான் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற வழியில் குழாயைத் திறந்து, சுகம் கூடட்டும் என்று கையை ஒரு தடவை நனைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கை வழக்கமான அளவுக்குச் சில்லென்று இல்லை.

படுத்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஒருசேர அப்பினாள்.

"ஐயோ" என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டில் டிவியைக் குறைத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து முதுகு பின்னால் நகர்ந்து வந்தது. "எத்தனைல வெச்சிருக்க?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னிக்கி லீவு. இருபத்தாறுதான்" என்றாள். "நாளைக்குப் பதினெட்டு."