ராசாங்கம் வெயிலை முறைவைத்த கதை

ராசாங்கம் திருமானூர்ப் பக்கம் முப்பது வருடம் வயல்களுக்குத் தண்ணீர் திருப்பியவர். யார் வயலுக்கு எந்த நேரம் முறை என்பது அவருக்கு மனப்பாடம். பெரிய பண்ணையோ கால் காணியோ, அவரிடம் ஒரே நியாயம்தான். முழங்கால் சேற்றில் நிற்க மறுத்த பிறகு, அரியலூரில் நான் வேலை பார்க்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு உதவியாளாக வந்து சேர்ந்தார்.

கட்டடம் முன்பு துணிக்கடை. அதனால் நான்கு அறைகளுக்கும் ஆளுயரக் கண்ணாடி, எல்லாவற்றிலும் அலுமினியப் பட்டைகள் கோத்த பிளைண்ட்ஸ். கயிற்றை இழுத்தால் மேலேறும். குச்சியைத் திருகினால் பட்டைகள் சாயும். அந்தப் பொறுப்பை ராசாங்கத்திடம் கொடுத்தார்கள்.

மனிதர் வெயிலையும் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டார். அறைக்கு இரண்டு மணி நேரம், ஒன்றாம் அறையிலிருந்து வரிசையாக. கடைசியான நாலாம் அறை மேற்குப் பார்த்தது. அதன் முறை மூன்று மணிக்கு வரும். சித்திரை மாதம் என்பதெல்லாம் முறைக்குத் தெரியாது. அவர் திறந்துவிட, ஏசி திணறி, ஒரே வாரத்தில் மூன்று தடவை கட்டடம் முழுக்க மின்சாரம் போயிற்று.

மேலாளர் அறிவழகன் சணல் கயிற்றோடு வந்தார். “நாளைக்கும் ட்ரிப் ஆச்சுன்னா எல்லாத்தையும் எறக்கிக் கட்டிப்புடுவேன், ராசாங்கம். நீங்க கேட்டுல போய் உக்காந்துக்கலாம்.”

கேட்டில் உட்காருவது பெரிய விஷயமில்லை. நாலாம் அறையில் சம்பூர்ணம் அம்மா பக்கவாதத்தில் கிடக்கிறார். பெயின்ட் அடிக்க ஒரு வாரம் மூடி வைத்தபோதே, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் புலம்பினார், கஞ்சி இறங்கவில்லை. நிரந்தரமாக இருட்டு என்றால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும்.

“மூணு மணிக்கு ஏன் தொறந்தீங்க?” என்று நாலாம் அறையில் வைத்து ராசாங்கத்திடம் கேட்டேன்.

“அவங்க மொறைக்குத்தான். கடைமடைன்னா ஒங்களுக்கு எளக்காரமா?”

“அவங்க நெல்லு இல்ல. கட்டில் கம்பியத் தொட்டுப் பாருங்க.”

தொட்டவர் கையை உதறிக்கொண்டார். “இது வெள்ளமால்ல இருக்கு,” என்றார்.

“வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க?”

“எவனாவது மடையத் தொறப்பானா? கரையோரமாத் திருப்பி வுட்ருவோம்.” சொல்லிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குச்சியைப் பிடித்து, கால் திருகு, அரைத் திருகு என்று பட்டைகளைச் சாய்த்தார். கட்டிலில் கிடந்த வெயில் விலகியது. வெளிச்சம் மட்டும் கூரைக்கு ஏறியது.

மறுநாள் மூன்று மணிக்கு அறிவழகன் சணலோடு ஏசிக்குக் கீழே காவல் நின்றார். ஐந்து வரை நின்றார். மின்சாரம் போகவில்லை. சம்பூர்ணம் அம்மா கண் திறந்தே இருந்தார். அறிவழகனின் சட்டைப் பித்தான் மாறியிருப்பதைக்கூடச் சுட்டிக் காட்டினார்.

“சணலக் குடுத்துட்டுப் போங்க சார், துணி காயப்போட ஆவும்,” என்றார் ராசாங்கம்.

சம்பூர்ணம் அம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை. கோணிய வாயால், “என் மொறையில பாதிதான் வந்துச்சு,” என்றார்.

ராசாங்கம் தலையைச் சொறிந்தார். முப்பது வருடத்தில் யாருக்கும் முறை மாற்றிக் கொடுத்ததில்லை.

“காலையில மேக்க வெயில் இல்ல, ஆத்தா. முழுசாத் தூக்கி வுட்டுர்றேன்,” என்றார். “மத்த ரூம்ல சொல்லிக்காதீங்க.”