டை ஊறும் நேரத்தில் ஒரு தைவான் தாதா

பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு ஊரில் பாதிப் பேரின் முகம் கண்ணாடி வழியாகத்தான் பழக்கம். நாற்காலிக்குப் பின்னால் நின்றே பிழைக்கிற சக பார்லர்க்காரர்களே, உங்களுக்கெல்லாம் இதை விளக்க வேண்டியதில்லை, குதிகால் வலியையும் விளக்க வேண்டியதில்லை. சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். கூட நிற்பவள் பிலோமினா, தினமும் கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வாடிக்கையாளர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தன் பெயரை மாற்றினால் வேலைக்கு வர மாட்டேன் என்று பிலோ சொல்லிவிட்டாள்.

யார் எடுத்த புருவம்

கடையில் டிவி மாட்டிய முதல் வாரமே ரிமோட் பிலோவின் கைக்குப் போய்விட்டது. அவள் போட்டது ஒரு தைவான் தொடர். ஒருவன் பெரிய தாதா. இன்னொருவன் அவனைத் தீர்த்துக்கட்ட வந்தவன். வந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரும் காதலிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். திரையின் அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தை பிலோ படித்துப் படித்துச் சொல்வாள். அதனால் தைவான் தாதாக்கள் எங்கள் கடையில் சுத்தமான முதுநகர் பாஷை பேசினார்கள்.

எனக்கோ பயம். கோயில் பக்கத்துக் கடை, யாராவது ஏதாவது சொல்லி வைத்தால் என்ன செய்வது? முதலில் மாட்டியது த்ரெட்டிங்குக்கு வந்த பேங்க் மேடம். நூல் இழுக்க இழுக்க ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று நூலைக் கொஞ்சம் மெதுவாகவே இழுத்தேன். கடைசியில் எழுந்து கண்ணாடியில் தன் புருவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவுங்க சுட்டுக்கட்டும், கட்டிப்புடிச்சிக்கட்டும். அந்த ரெண்டு பேருக்கும் புருவம் யாரு எடுக்குறாங்கன்னு மட்டும் கேட்டு சொல்லு."

வெடித்த பேக்

திட்டக்குடியிலிருந்து ஒரு கல்யாணப் பெண். முகத்தில் ஃபேஸ் பேக் பூசிவிட்டு, "இருவது நிமிஷம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்று சொன்னேன். அழக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. டிவியில் தாதாவுக்குத் தோளில் குண்டு. மற்றவன் கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், தானும் சாப்பிடாமல். பெண்ணின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, காய்ந்த பேக் கன்னத்தில் இரண்டு பக்கமும் வெடித்துவிட்டது.

கழுவித் துடைத்து மறுபடி முதலிலிருந்து போட்டேன். அந்தத் தாதாவைத் திட்டிக்கொண்டேதான் போட்டேன். குண்டு பட்டு ரத்தம் ஆறாக ஓடுகிறது, தலையில் ஒரு முடி கலையவில்லை. தொழில் தெரிந்தவளுக்கு இதெல்லாம் எரிச்சல். பெண் மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள்: "என்னக் கட்டிக்கப் போறவரு தெனமும் போன்ல 'சாப்டியா'ன்னு கேப்பாருக்கா. சாப்டலன்னு சொன்னா 'சரி'ன்னு வச்சிடுவாரு."

என் கட்சி

எனக்கு அந்தத் தொடரில் பிடிக்காத ஒன்று உண்டு. பாதுகாப்பு என்று சொல்லி தாதா மற்றவனை ஒரு அறையில் வைத்துப் பூட்டுகிறான். அதற்கும் பின்னணியில் காதல் வயலின் வாசிக்கிறார்கள். நான் ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். எல்லாரும் அதைப் பாசம் என்றார்கள். அந்தப் பாசத்திலிருந்து வெளியே வர எனக்கு நாலு வருஷம் ஆனது. ஆம்பளை பொம்பளையைப் பூட்டினாலும் ஆம்பளை ஆம்பளையைப் பூட்டினாலும் பூட்டு பூட்டுதான் என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகும் அந்த இரண்டு பேரையும் வெறுக்க முடியவில்லை. ஒருவன் மற்றவனைப் பார்க்கிற பார்வையில் பொய் இல்லை. அதுதான் என் கஷ்டம். சாயங்காலம் பிலோ பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அவன் பண்ணது தப்புதான்க்கா. அடுத்த எபிசோடுல இவன் அதுக்கு அவன் மூஞ்சிலியே ஒண்ணு விடுறான். அதையும் பாத்துட்டு கத்தியிருக்கலாம்."

ஐம்பது நிமிஷம்

சரஸ்வதி அக்கா காட்டுமன்னார்கோயில். அரிசி மில் குடும்பம். மாசம் ஒரு முறை டவுன் பஸ்ஸில் வந்து டை அடித்துக்கொண்டு போவார். டை ஊற முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். தலையில் கவரைக் கட்டிக்கொண்டு யாரும் எழுந்து போக முடியாது என்பதால், எங்கள் தொழிலில் மனசு திறக்கிற நேரமும் அதுதான். மகனுக்கு நிச்சயதார்த்தம், இன்னும் மூன்று வாரம், தனக்கு மேக்கப் போட வேண்டும் என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். மகன் சிப்காட் தொழிற்பேட்டையில் கெமிக்கல் கம்பெனியில் வேலை. ஆறு வருஷமாகக் கடலூரில் ஒரு சிநேகிதனுடன் ஒரே வீடு. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, "எனக்கு அவன்தாம்மா" என்று சொல்லிவிட்டானாம். இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்.

நான் பதறி டிவியை அணைக்கப் போனேன். "இருக்கட்டும், வுடு" என்றார். திரையில் ஆஸ்பத்திரி. உள்ளே தாதா சாகக் கிடக்கிறான். நர்ஸ் வெளியே வந்து, பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும் என்று மற்றவனைக் கேட்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான், மூடுகிறான். நானும் பார்த்துக்கொண்டே நின்று டையை ஐம்பது நிமிஷம் விட்டுவிட்டேன். நெற்றியோரம் கறை ஏறிவிட்டது. எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கையில் கண்ணை மூடியபடி சொன்னார்: "இத்தன பேர சுட்டவனுக்கே அத சொல்ல வாய் வரலியே. எம் புள்ள எப்படித்தான் எங்கிட்ட வந்து சொன்னானோ."

மேக்கப் இல்லாமல்

மூன்று நாள் கழித்து, மேக்கப் வேண்டாம் என்று சரஸ்வதி அக்காவிடமிருந்து போன் வந்தது. அடுத்த மாசம் டைக்கு வந்தவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிலோ டிவி பக்கமே போகவில்லை. அவரே ஆரம்பித்தார். பெண் வீட்டுக்குப் போய், நிச்சயதார்த்தம் வேண்டாம், தப்பு எங்கள் மேல்தான், உங்கள் பெண் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசினதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாராம். வீட்டுக்காரர் இன்னும் மகனிடம் பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் கடலூர் போயிருக்கிறார். கதவைத் திறந்த மகன் அப்படியே நின்றுவிட்டான். மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்த அந்தச் சிநேகிதன் ஜான், பேண்ட் சட்டையோடு அடுப்படிக்குப் போய் வஞ்சிரம் வறுத்திருக்கிறான். அவசரமாகத் திருப்பி மீனைப் பாதி உடைத்துவிட்டானாம். பிலோ அழுகையை மறைக்கச் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "தண்ணி வேணுமா ஆன்ட்டி, சோறு வைக்கவா ஆன்ட்டின்னு பயந்துகினே நின்னான். அத்தைன்னு கூப்புடுப்பான்னு சொல்லிட்டு வந்தேன்."

தைவான்காரர்கள் பன்னிரண்டு எபிசோடும் ஒரு லாரி துப்பாக்கியும் செலவழித்துச் சொன்ன கதையை, எங்கள் சரஸ்வதி அக்கா இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு மதியச் சாப்பாட்டில் முடித்துவிட்டு வந்தார்.