அயன் பலகைக்கு ஒரு மேசைவிரிப்பு

கனடாவில, மல்வேர்னில ஒரு வீட்டின்ரை நிலக்கீழ் பேஸ்மென்ற்றில நானும் ஒரு அண்ணையும் இருந்தம். அண்ணை எண்டால் கூடப்பிறந்தவர் இல்லை, வாடகையைப் பாதிபாதியாப் பிரிச்சதால வந்த உறவு. அவருக்கு மிசிசாகாப் பக்கம் எயார்போர்ட்டில பெட்டி ஏத்தி இறக்கிற வேலை. எனக்கு ஒரு வெயர்ஹவுஸில பெட்டியளுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு ஃபோன் பாக்கிற வேலை. பள்ளிக்கூடத்திலயும் நான் அப்பிடித்தான், அதாலதான் அது பாதியில நிண்டது.

அண்ணைக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு சாமான் ஒரு வேலைதான் செய்யுமெண்டால் அது சாமான் இல்லையாம், விருந்தாளியாம். கொஞ்சநாளில அனுப்பிப்போட வேணுமாம். அதால எங்கட வீட்டில ஒண்டும் சும்மா இருக்கேலாது. றைஸ் குக்கரில கீழ சோறு கொதிக்க மேல முட்டை அவியும். தலை காயவைக்கிற மெசின் விடிய என்ரை தலையைக் காயவைக்கும், பிறகு ஈரச் சொக்ஸ், குளிருக்குக் கார்க் கதவு இறுகினால் நீட்டு வயரோட வெளியால போய் அதையும் இளக்கும். பாண் துண்டை ஃபொயில் பேப்பரில சுத்தி அயன் பெட்டியால ஒரு அமத்து அமத்தினால் ரோஸ்ற். ஒருநாள் தன்ரை வேலைச் சேட்டில பட்டர் மணக்குது எண்டு அண்ணை கத்தினார். மணக்கட்டும் அண்ணை, பிளேனில சாப்பாடு குடுக்கிறது குறைவாம், சனத்துக்கு ஒரு ஆறுதல் எண்டன்.

எல்லாத்துக்கும் ராசா அயன் பலகைதான். மேல் வீட்டு அன்ரி வேண்டாமெண்டு தந்தது, ஒடுக்கமாய் நீண்டு ஒரு பக்கம் கூராய் முடியும். விடிய அதில உடுப்பு அயன் பண்ணுவம், மத்தியானம் வெங்காயம் வெட்டுவம். பின்னேரம் பழைய பெட்ஷீற் ஒண்டை விரிச்சு ரெண்டு கதிரை போட்டால் அதுதான் சாப்பாட்டு மேசை. உயரத்தை மாத்திற பிடியைக் காட்டி, எந்தக் கோடீஸ்வரன்ரை மேசையடா ஏறி இறங்கும் எண்டு அண்ணை என்னட்டைப் பெருமை அடிப்பார்.

அண்ணி அப்ப யாழ்ப்பாணத்தில விசாவுக்குக் காத்துக்கொண்டு இருந்தா. கலியாணம் முடிஞ்ச கையோட அண்ணை இஞ்சை வந்திட்டார், அதால குடும்பம் நடந்தது முழுக்க வீடியோ கோலில. ஒருநாள் பெட்ஷீற் விரிச்ச பலகையைக் கண்டிட்டு அண்ணி, வடிவான மேசை எண்டு சொல்லிப்போட்டா. அண்ணை ஓமெண்டு தலையை ஆட்டிப்போட்டார். அடுத்த கிழமை அண்ணி, மேசைக்குப் பூத்தையல் போட்டு ஒரு விரிப்புத் தைக்கப் போறன், நீளம் அகலம் சொல்லுங்கோ எண்டா. அண்ணை கண்ணைக் காட்ட, நான் சப்பாத்துக் கயித்தால பலகையை அளந்து சொன்னன். அவ்வளவு ஒடுக்கமோ எண்டு அண்ணி கேட்டா. இஞ்சை இப்ப இதுதான் ஸ்ரைல் எண்டார் அண்ணை. பொய்யையும் ஒருக்காப் பாவிச்சிட்டு எறியிற ஆள் இல்லை அவர்.

விசா வந்தது. அண்ணையின்ரை கொள்கை படுத்திட்டுது. எனக்கு முன்னால வீரம் கதைச்ச மனிசன் வேலையால வந்தால் சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பார். என்ன அண்ணை, மனிசி வாறதுக்கு ஆராவது அழுவினமோ எண்டு கேட்டன்.

"கனடா மாப்பிள்ளை எண்டுதானேடா கட்டித்தந்தவை. வந்து பாத்திட்டு, உவனுக்கு ஒரு மேசை வாங்கக்கூட வக்கில்லை எண்டு நினைச்சால்?"

எனக்கே பகிடி வரேல்லை. கொஞ்ச நேரத்துக்கு.

அந்தக் கிழமையே ஆறு பேர் இருந்து சாப்பிடிற கண்ணாடி மேசை ஒண்டு வந்து இறங்கினது. அதுக்குப் பிறகு பிரிட்ஜைத் திறக்கிறதெண்டால் வயித்தை எக்கிக்கொண்டு பக்கவாட்டில போக வேணும். மேசைக்குச் சுத்தி வந்த பிளாஸ்ரிக்கைக் கழட்ட அண்ணை விடேல்லை, கீறுப்படுமாம். அண்ணி வரும் வரைக்கும் அதில சாப்பிடவும் கூடாதாம். நாங்கள் ரெண்டுபேரும் கோப்பை கழுவிற சிங்குக்குப் பக்கத்தில நிண்டு, ஆறு பேர் இருக்கிற மேசையைப் பாத்துப் பாத்துச் சாப்பிட்டம். அயன் பலகை என்ரை றூமுக்கு நாடு கடத்தப்பட்டது. விரிப்பின்ரை அளவு ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை.

அண்ணி வந்தா. பிளேன் களைப்போடயே பெட்டியைத் திறந்து விரிப்பைத்தான் முதல் எடுத்தா. வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் சிவப்புப் பூ, ஒவ்வொரு பூவுக்கும் நடுவில மஞ்சளாய் ஒரு பொட்டு. மேசையில விரிச்சா. மேடையில இருக்கிற பெரிய மனிசருக்குப் பொன்னாடை போத்தினமாதிரிக் கிடந்தது, மிச்சமெல்லாம் பிளாஸ்ரிக் சுத்தின கண்ணாடி. அண்ணியின்ரை முகம் விழுந்திட்டுது. நான்தான் அளவைப் பிழையாக் கேட்டனோ எண்டு மெதுவாச் சொன்னா.

"இல்லையப்பா. இஞ்சத்தை அடி கொஞ்சம் பெரிசு," எண்டார் அண்ணை.

நான் குடிச்ச தண்ணி மூக்கால வந்திட்டுது.

அடுத்தநாள் விடிய, மேல் வீட்டு அன்ரியைப் பாக்கப் போகச் சீலை அயன் பண்ண வேணுமெண்டா அண்ணி. கட்டிலில வைச்சுப் பண்ணும் எண்டு அண்ணை அவதிப்பட்டுச் சொன்னார். ஆனால் என்ரை றூம் கதவு திறந்து கிடந்தது. அண்ணி பலகையைக் கண்டு தானே இழுத்து விரிச்சா. உறையில மஞ்சள் கறை, கத்தி கீறின அடையாளம், கிட்டப் போனால் கருவாட்டுக் குழம்பு மணம். விரலால அந்தக் கறையை ஒருக்காத் தடவிப் பாத்தா. பிறகு போய் விரிப்பை எடுத்துக்கொண்டு வந்து மேல போட்டா. நீளமும் அகலமும் அச்சொட்டாப் பொருந்தினது. கூர்ப் பக்கத்தில மட்டும் ரெண்டு மூலை தொங்கிச்சுது.

அண்ணை எல்லாத்தையும் சொன்னார், பெட்ஷீற், சப்பாத்துக் கயிறு, பயத்தில வாங்கின மேசை. அவர் விட்ட இடங்களை நான் நிரப்பிக் குடுத்தன். உதவிதானே.

"மேசையைப் பாத்தோ நான் கழுத்தை நீட்டினனான்?" எண்டு கேட்டா அண்ணி. பிறகு தொங்கின மூலையைப் பிடிச்சுக்கொண்டு, "உந்தக் கூர்ப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் வளைச்சுத் தைச்சிருப்பன். இப்ப பூவையெல்லோ வெட்ட வேணும்."

அவவுக்குக் கோவம் அந்தப் பூவுக்குத்தான். அண்ணைக்கு அது விளங்கவே கன நேரம் எடுத்தது. விளங்கின பிறகும், உண்மையாவோ உண்மையாவோ எண்டு அண்ணியின்ரை முகத்தைப் பாத்துப் பாத்துக் கேட்டுக்கொண்டே நிண்டார்.

மேசையைக் கடைக்குத் திருப்பிக் குடுக்க நானும் அவரும் பேஸ்மென்ற் படியால தூக்கினம். பாத்து, பாத்து எண்டு பின்னால அவர். வேணுமெண்டால் வெளியால ஸ்னோவில படுக்கப் போட்டுச் சறுக்கி விளையாடுவம் அண்ணை, அப்ப ரெண்டு வேலை வருமெல்லோ எண்டு முன்னால நான். கடையில பிளாஸ்ரிக் கழட்டாத மேசையைப் பாத்திட்டு ஒரு கேள்வியும் கேக்காமல் எடுத்தாங்கள்.

அண்டைக்குப் பின்னேரம் அண்ணி புட்டும் மீன் குழம்பும் வைச்சா. அயன் பலகையில மூண்டு சாப்பாட்டுக் கோப்பையும் சட்டியும் வைச்சால் இடம் காணாது. நான் கோப்பையைக் கையில தூக்கிக்கொண்டு எழும்பினன்.

"தம்பி, நீர் கூர்ப் பக்கம் இரும். மெல்லிய ஆள்தானே," எண்டா அண்ணி.

அண்ணை சிரிச்ச சிரிப்பில புட்டுப் புரைக்கேறினது. பிறகு அவர் அண்ணியின்ரை முகத்தைப் பாக்கிறதை விட்டிட்டு, குனிஞ்சு வடிவாச் சாப்பிடத் தொடங்கினார்.