அப்பா என்றால் அம்மா என்று கேட்கும்

துணி வெட்டும் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்பவள் அந்தத் தாய். வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை காத்திருக்கும்: மகள் பேசுவதை மற்றவர்களுக்குப் புரியவைப்பது.

மகள் பிறக்கும்போதே மேலண்ணம் பிளந்திருந்தது. ஒரு வயதில் ஆபரேஷன் செய்து தைத்தார்கள். அத்தோடு விட்டது தொல்லை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் பேச்சு வந்தபோது காற்றெல்லாம் மூக்கு வழியே போனது. 'ப' 'ம' ஆனது, 'த' 'ந' ஆனது. "அப்பா" என்று கூப்பிட்டால் "அம்மா" என்று கேட்கும். லாரி ஓட்டும் தகப்பன் வீட்டிலிருக்கும் நாட்களில், "உன்னையா, என்னையா?" என்று மனைவியிடம் கேட்டுச் சிரிப்பான். பள்ளிக்கூடத்துச் சிரிப்பு வேறு மாதிரி. ஏழு வயதுக்குள் பிள்ளை வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாள்.

மூக்கில் சிறு கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், அண்ணம் குட்டையாக இருக்கிறது, பேசும்போது தொண்டையின் பின்சுவரை எட்டவில்லை, இன்னொரு ஆபரேஷன் தேவை என்றார்.

"மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள் தாய்.

அதுவும் நடந்தது. ஒரு வாரம் பிள்ளை ஆறிய பாலைக்கூட அழுதுகொண்டே விழுங்கினாள். புண் ஆறியதும் பேச்சு தானாகத் திருந்திவிடும் என்று தாய் காத்திருந்தாள். திருந்தவில்லை. மூக்குக்குக் காற்றுப் போகும் வழியைச் சுருக்கியாயிற்று, நாக்கின் பழைய பழக்கம் போக நாளாகும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் விளக்கினாள். மூக்கின் கீழே சிறு கண்ணாடி பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொல்ல வேண்டும். ஆவி படிந்தால் தப்பு. வாரம் இரண்டு நாள், இரண்டு பஸ் மாறிப் போனார்கள். வீட்டிலும் பயிற்சி உண்டு. கால் கடுக்க வந்த தாய், பல நாள் கண்ணாடியைப் பிடித்தபடியே தூங்கி விழுவாள்.

நான்காம் மாதம் ஒருநாள் போனில் "அப்பா" என்றாள் மகள். "இன்னொரு தடவை சொல்லு," என்றான் மறுமுனையில் தகப்பன்.

'ச' மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்த டாக்டர், மூக்கு வழியே காற்று இன்னும் லேசாகக் கசிகிறது, வேண்டுமானால் இன்னொரு சின்ன ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். தாய் தரையைப் பார்த்தாள்.

"இப்ப வேணாம் டாக்டர்," என்றாள் மகள். "எனக்கு அலுத்துப்போச்சு. அம்மாவுக்கும்தான்."

மகள் சொன்னதை வழக்கம்போல டாக்டருக்கு எடுத்துச் சொல்லத் தாய் வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர், "சரிம்மா. பயிற்சிய மட்டும் விட்டுடாத," என்று சொல்லியபடி எழுதத் தொடங்கியிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தாய் கண் விழித்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியிருந்தது.

"ஏண்டி எழுப்பல?"

"தூங்கட்டும்னு விட்டேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இருவரும் வந்த வழியே மெதுவாக நடந்தார்கள்.