மூடியார்

குப்பைத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் மூடியை வெளியே எடுத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, மூக்குக்கண்ணாடி. பஸ் நிலையத்தில் போகிறவர்கள் ‘பாவம், நல்லா இருந்த மனுஷன்’ என்கிற முகத்தோடு ஒதுங்கிப் போகிறார்கள். ஒருநாள் ஓர் அம்மாள் அவர் கையில் ஒரு பன்னைத் திணித்துவிட்டுப் போனார். “ரொம்ப நன்றிங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மூடியைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த மூடியைப் படைத்தவரே அவர்தான். உணவு டப்பா செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மூடி வடிவமைக்கிறார். டப்பாவை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். இவருக்கு மூடி மட்டும்தான். அதனால் மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘மூடியார்’. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ என்று திரும்பாமல் நடந்துவிடுவார்.

பயணத்தில் வாங்கிச் சாப்பிடும் டப்பாக்களில், மூடிக்குள்ளேயே ஒரு ஸ்பூன் ஒளிந்திருக்குமே, அது அவர் கைவேலை. மூடியோ உள்ளங்கை அகலம். ஸ்பூன் டப்பாவின் அடி வரைக்கும் எட்ட வேண்டும். ஆகவே அது நடுவில் மடிந்து, மூடியின் குழிவில் படுத்திருக்கும். இரண்டு மெல்லிய காம்புகள் அதை மூடியோடு பிடித்து வைத்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் காம்பு உடைந்து ஸ்பூன் கையோடு வரும். பிறகு மடிப்பை விரித்துச் சாப்பிட வேண்டியதுதான். “கீழ விழுந்தா உடையக் கூடாது, விரல் பட்டா உடையணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழைதாங்க இருக்கு. என் ஆயுசு பூரா அதுலயேதான் போச்சு” என்பார்.

தொட்டியைக் கிளறுவதற்கும் காரணம் உண்டு. மடிப்பை முதல் தடவை விரிக்கும்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து ஒரு கோடு விழும். கழுவினாலும் போகாது, மறுபடி மடித்தாலும் மறையாது. “கோடு இருந்தா ஒருத்தர் பசியாறியிருக்கார்னு அர்த்தம். காம்பே உடையலன்னா, உள்ள ஸ்பூன் இருக்கிறதே தெரியாம வீசிட்டுப் போயிட்டார்னு அர்த்தம்.” பத்து மூடி எடுத்தால் நாலைந்து அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு முழுக்க மூடியார் யாரிடமும் சரியாகப் பேசமாட்டார்.

மதியச் சாப்பாட்டை அவர் இந்த ஸ்பூனைத் தவிர வேறு எதனாலும் சாப்பிட்டதில்லை. புது மாதிரி ஒன்று வந்தால் வலக்கையால் ஒருநாள், இடக்கையால் ஒருநாள், மாடிப்படியில் நின்றுகொண்டு ஒருநாள், கண்ணை மூடிக்கொண்டு ஒருநாள். கூட்டங்களில் மேலாளர் முக்கியமாக ஏதாவது சொல்லும்போது மேசைக்கு அடியிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். மூடியார் காம்பு உடைத்துப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அச்சு வெட்டும் மேஸ்திரி மட்டும், “அடுத்த ஜென்மத்துல நீங்க டப்பாவாத்தான் பொறப்பீங்க மூடியாரே” என்று வம்புக்கு இழுப்பார். “பொறந்தா மூடி யாரு போடறது?” என்று இவரும் விடமாட்டார்.

வீட்டில் அவரும் தங்கையும்தான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவருக்காக ஒருவர் தள்ளிப்போட்டு, அப்படியே ஐம்பதைத் தொட்டுவிட்டார்கள். தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்போது மூன்று மாதமாக ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறாள். ரத்தத்தில் கோளாறு. தொற்று வந்துவிடக் கூடாது என்று யாரையும் உள்ளே விடுவதில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகக் கையசைக்கலாம், போனில் பேசலாம், அவ்வளவுதான். “இன்னும் மூணு கிலோ ஏறணும். அப்பதான் அடுத்த மருந்தை உடம்பு தாங்கும். எப்படியாவது சாப்பிட வைங்க” என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஏறாவிட்டால் என்ன என்று மூடியார் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் விடியும்போதே எழுந்து சமைக்கிறார். குழைய வேகவைத்த சோறு, மசித்த காய், ஒரு முட்டை. இரண்டு டப்பா. ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு. தன் கையால் செய்த மூடியைப் போட்டு, மதியம் வார்டுக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பார். அவள் ஜன்னலுக்கு வந்து கையசைத்துவிட்டு உள்ளே போவாள். நாலு மணிக்கு வார்டு ஆயா காலி டப்பாவைக் கீழே கொண்டுவந்து தருவார். “ஒரு பருக்கை மிச்சமில்ல சார்.” மூடியாருக்கு அந்த வார்த்தை போதும்.

சாயங்காலம் போனில் அவள் தவறாமல் ஒரு குறை வைத்திருப்பாள்.

“நல்லா இருந்துச்சுண்ணா. உப்புதான் கொஞ்சம் கம்மி.”

அண்ணன் மறுநாள் ஒரு சிட்டிகை கூட்டினார். அன்றைக்கும் உப்புக் கம்மி. இன்னொரு சிட்டிகை. அதற்கு மறுநாளும் அப்படியே. தனக்கு நாக்கு கரித்தாலும் ‘அவளுக்குப் பிடிச்சிருக்கே’ என்று தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார். பத்தாம் நாள் மேஸ்திரி அவர் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துவிட்டு, அப்படியே ஓடிப்போய்த் துப்பினார். “என்ன மூடியாரே, கடல்லயா வேகவச்சீங்க?” அன்று சாயங்காலமும் தங்கை சொன்னாள்: “இன்னிக்குக் கொஞ்சம் உப்பு கம்மிண்ணா.”

மூடியார் போனை வைத்துவிட்டு, சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த அன்றைய மூடியை எடுத்தார். ஊரான் வீசிய மூடியையெல்லாம் வெயிலில் பிடித்துப் படித்த மனிதர், தங்கையின் மூடியை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. ஸ்பூன் மடிந்தபடி குழிவிலேயே இருந்தது. இரண்டு காம்பும் முழுசாக இருந்தன.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் போனில் சுற்றி வளைத்துத்தான் கேட்டார்.

“அந்த ஸ்பூன் எடுக்கறதுக்கு உனக்குக் கஷ்டமா இருக்காடா?”

“கொஞ்சம் கெட்டியா இருக்குண்ணா. விரல்ல பலம் இல்ல பாரு. உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு நர்ஸ்கிட்ட ஒரு ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டுக்கறேன்.”

மூடியாருக்குத் தலைகால் புரியவில்லை. தன் வேலையில் குறை என்று கேட்டு ஒரு மனிதன் இத்தனை சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஊசியும் குழாயுமாகக் கிடக்கிறவளின் விரலுக்கு இந்தக் காம்பு தடிமன்தானே! இருபத்தாறு வருடம் தெம்புள்ள கட்டைவிரலுக்கே செய்து பழகியாயிற்று. உப்புத் தெரியாததற்கு மருந்துதான் காரணமாக இருக்கும். தப்பு தன்னுடையது, அதனால் திருத்திவிடலாம். மேஸ்திரியிடம் ஓடி, ஒரு சின்ன அச்சில் காம்பை இன்னும் மெல்லியதாக இழைத்துத் தரச் சொன்னார். மேஸ்திரி செய்து முடித்துப் பார்த்துவிட்டு, “பார்த்தாலே உடைஞ்சிடும் போல இருக்கே” என்றார். “அப்படித்தான் வேணும். கண்ணால பார்த்தாலே உடையணும்” என்றார் மூடியார். இருபது மூடி எடுத்தார்கள். குழந்தையைத் தூக்கிப் போவதுபோல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனார்.

முதல் நாள் நாலு மணிக்கு டப்பா திரும்பியது. கவுண்டரிலேயே திறந்தார். காம்பு உடைந்திருந்தது. ஸ்பூன் தனியாக, டப்பாவுக்குள் கிடந்தது. “பார்த்தீங்களா!” என்று ஆயாவிடம் காட்டினார். ஆயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்றாலும் சிரித்தார்.

பிறகு, பழக்க தோஷம், ஸ்பூனை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பிடித்தார். மடிப்பில் கோடு இல்லை. காம்பை உடைத்து ஸ்பூனை எடுத்தவள், அதை விரிக்கவே இல்லை. அண்ணனுக்காக எடுத்துப் போட்டிருக்கிறாள்.

“அவங்க சாப்பிடறாங்களாம்மா?” என்று கேட்டார்.

ஆயா தலையைக் குனிந்துகொண்டார். “வாய்கிட்ட கொண்டுபோனாலே குமட்டுதாம் சார். நான்தான் கொட்டிட்டுக் கழுவிக் கொண்டாறேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எடையும் இறங்கிட்டேதான் வருது.”

கவுண்டருக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தது, தங்கை மேல் அல்ல. வாந்தியையும் வலியையும் வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் சாப்பிட்டவள்போல ஒரு குறை சொல்ல வேண்டிய வேலையையும் அவளுக்குத் தான் கொடுத்திருக்கிறோமே என்றுதான் வந்தது. கணக்கு டீச்சருக்குப் பொய் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டை நிறுத்திவிட்டால் அந்த மூன்று கிலோ இனி ஏறாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் எழுந்திருக்க அத்தனை நேரம் ஆயிற்று.

அன்றைய போனில் அவளே முந்திக்கொண்டாள். “ஸ்பூன் பூ மாதிரி வந்துடுச்சுண்ணா!”

“அப்படியா? சந்தோஷம்டா.” போனை மறு காதுக்கு மாற்றினார். “நாளைலருந்து நான் சாப்பாடு கொண்டு வரல. நான் மட்டும் வர்றேன்.”

“ஏண்ணா? நான் நல்லாத்தானே சாப்பிடறேன்?”

“ஆமாம்மா, நல்லாத்தான் சாப்பிடற. எனக்குத்தான் முடியல. ஓய்வு எடுத்துக்கறேன்.”

“கோவமாண்ணா?”

“உன்மேல எனக்கு என்னைக்குடா கோவம் வந்திருக்கு?”

மறுநாள் மதியம் மூடியார் எதிர்ப்பக்கத்துக்கு வந்து நின்றார். பை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டார், பின்னால் கட்டினார், அவிழ்த்தார். மேலே ஜன்னலில் தங்கையின் முகம் தெரிந்தது. வெறுங்கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி அவளுக்குக் காட்டினார். அவள் உடனே உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஒரு நாற்காலியை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரத்தில் போட்டு உட்கார்ந்தாள். மூடியார் கீழே குனிந்து, நடைபாதை விளிம்பின் தூசியைக் கையால் தட்டிவிட்டு, அவளைப் பார்த்தபடி தானும் உட்கார்ந்தார்.