ரீலுக்குத் தூக்கிய கூடை

என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்து ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு, கொழும்பிலிருந்து பதிப்பகத்துப் பெண் கூப்பிட்டாள். எழுத்தாளர்களை இணையத்தில் பிரபலமாக்குவதுதான் அவளுக்கு வேலை.

"டீச்சர், கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கள யாருக்கும் தெரியல. இப்பல்லாம் மொதல்ல ஆளப் பாக்குறாங்க, அப்புறம்தான் புத்தகத்தப் பாக்குறாங்க. ரெண்டாவது தொகுப்பு போடணும்னா நீங்க கொஞ்சம் வெளியில தெரியணும்."

பெண் பார்க்க வருகிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். அந்தச் சோதனையில் நான் ஒரு தடவையும் தேறியதில்லை. ஆனாலும் இரண்டாவது புத்தகத்தின் மீது எனக்கு ஆசை இருந்தது. சரி என்றேன்.

எழுதும் மேசையைப் படம் எடுத்துப் போடச் சொன்னாள். கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மாவும் நானும் இருக்கிறோம். அங்கே மேசைக்கு ஏது இடம்? பள்ளிக்கூடம் விட்டு வந்து தையல் மெஷினை மூடி, அதன் பலகைமேல் தாளை வைத்துத்தான் எழுதுவேன். அதையே எடுத்துப் போட்டேன். ஓரத்தில் அம்மா பாதி தைத்து வைத்திருந்த ரவிக்கையும் விழுந்திருந்தது. புத்தகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ரவிக்கை தைக்க எவ்வளவு என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

காலைத் தேநீரோடு புத்தகத்தை வைத்து எடுக்கச் சொன்னாள். பனிக்கும் கோப்பைக்கும் புத்தகத்துக்கும் ஒரே படத்தில் இடம் பிடிப்பதற்குள் அம்மா இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார். "தேத்தண்ணி ஆறுது, மொதல்ல குடி. புஸ்தகம் எங்க ஓடியா போவுது?" அந்தப் படத்துக்கு இதயம் இதயமாக வந்து குவிந்தது, எல்லாம் பனிக்கு.

ஒரு பக்கம் வாசித்துப் போடுங்கள் என்றாள். வாசித்தேன். தகரக் கூரையில் மழை என்னைவிட நன்றாக வாசித்தது. நடுநடுவே பக்கத்து வீட்டு டிவியில் ஒரு மாமியார் அழுதாள். லயத்தில் சுவர் என்பது பார்வைக்கு மட்டும்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அவள் கேட்டாள். "டீச்சர், உங்க அம்மா கொழுந்து எடுத்தவங்கதானே? அந்தக் கூடைய மாட்டிக்கிட்டு ஒரு ரீல் போடுங்களேன். கொழுந்து மலையில இருந்து வந்த எழுத்தாளர். அப்படியே பத்திக்கும்."

இப்போது எங்கள் தோட்டத்தில் கூடை தூக்குகிறவர்கள் யாருமில்லை. எல்லோரும் நைலோன் சாக்குக்கு மாறிவிட்டார்கள். அம்மாவின் கூடை, அவர் வேலையிலிருந்து நின்ற நாளிலிருந்து அடுப்படியில் விறகுச் சிராய் போடுகிற கூடையாகிவிட்டது. ஆனால் தலையில் மாட்டுகிற கயிற்றை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருந்தார். அதற்கு நான் பெரிய அர்த்தம் எதுவும் தேடவில்லை.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை, வந்தது. மலையில் வேலை இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. அம்மா ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். நான் சிராயைக் கொட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு மேலே இருக்கும் மலைக்கு ஏறினேன். தேயிலைச் செடியின் கவட்டில் போனைச் செருகி நிறுத்தினேன். தலையில் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றை ஏற்றி, கூடையை முதுகுக்குத் தள்ளினேன். கொழுந்து எடுக்கிறவர்கள் காலையில் முதல் பிடியைக் கூடையில் போடும்போது 'பொலி' சொல்வார்கள், நாள் நன்றாக விளங்கவேண்டும் என்று. நானும் குரலை உயர்த்தி "பொலியோ பொலி!" என்றேன். இரண்டு கொழுந்தைக் கிள்ளினேன். சிரித்தேன். புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான்.

அது ஓடியது. நான் இந்த ஆறேழு வருடங்களில் எழுதிய எதுவும் அப்படி ஓடியதில்லை. பதிப்பகத்துப் பெண் சந்தோஷத்தில் இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டாவது தொகுப்பின் அட்டைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றுகூடக் கேட்டாள். நானும் பொய் சொல்லக்கூடாது, தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன்.

கொட்டகலைக் கடைவீதியில்தான் முதல் குட்டு விழுந்தது. நாங்கள் வழக்கமாகப் பலசரக்கு வாங்கும் கடையின் முஸ்லிம் அண்ணன், எங்கள் வாயில் 'நானா', பருப்பை நிறுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், என்னா நடந்துச்சு? ஸ்கூல்ல ஏதும் பிரச்சினையா?"

"இல்லையே நானா. ஏன்?"

"இல்ல, மலைக்குப் போறீங்கன்னு மகன் போன்ல காட்டுனான். எனக்கு மனசே சரியில்ல. பெரிய எடத்துல நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, பேசிப் பாப்போமா?"

நான் சிரித்துச் சமாளித்து வீட்டுக்கு வந்தால், அங்கே அம்மா போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். மறுமுனையில் மஸ்கெலியாச் சித்தி, அம்மாவின் தங்கை, ஒப்பாரியே வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போடாமலே கேட்டது.

"அக்கா, பேர் பதிஞ்சிட்டாளாமே புள்ள! இதுக்கா அவள அந்தப் படிப்புப் படிக்க வச்சே?"

தோட்டத்து வேலைக்குச் சேர்வதைத்தான் பேர் பதிவது என்போம். எங்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அந்த ரீலைப் பார்த்து இப்படி நினைத்திருக்க முடியாது. மற்றவர்களுக்கு அது அழகான படம். எங்கள் சனத்துக்கு, கூடை முதுகில் ஏறினால் அது வேலைதான். அதை வேறு எதற்கும் யாரும் ஏற்றிப் பார்த்ததில்லை.

அம்மா அந்த ரீலைக் காட்டச் சொன்னார். ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய், கூடையிலிருந்த கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நிமிட விஷயத்துக்கு வீடு இழவு வீடாக வேண்டுமா?

"இதுல என்னம்மா அசிங்கம்? நீங்க சொமந்த கூடைதானே?"

"அசிங்கம்னு நான் சொன்னேனா?" என்றார். அடுப்பைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "நீ வயித்துல இருக்கறப்பவும் மலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளு பாரம் தாங்காம செடிக்கு நடுவுல உக்காந்துட்டேன். கயிறு தலைய அறுக்குது. அப்ப மாரியம்மாகிட்ட நேந்துக்கிட்டேன். பொறக்கறது பொண்ணா இருந்தா அது தலையில இந்தக் கயிறு ஏறக்கூடாது தாயே, அதுக்கு வருசா வருசம் ஒனக்குப் பால்குடம் எடுக்கறேன்னு. அவ சொன்ன சொல்லக் காப்பாத்துனா. நானும் காப்பாத்துனேன். நடுவுல நீ பூந்து கெடுத்துட்ட."

அம்மா ஒவ்வொரு திருவிழாவுக்கும் பால்குடம் எடுப்பது தெரியும். லயத்தில் பாதிப் பெண்கள் எடுக்கிறார்கள், அதுபோல என்றிருந்தேன். வயிற்றில் அறுவை நடந்த வருடம்கூட, டாக்டர் வேண்டாம் என்றும் கேட்காமல் குடத்தோடு போய் நின்றார். அன்று அதற்காக நான் சண்டை பிடித்திருக்கிறேன். எனக்காகத்தான் அந்தக் குடம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அத அழிச்சிடறேம்மா."

"அழிச்சா ஏறாத தலையாயிருமா?"

ஆனாலும் அழித்தேன். பதிப்பகத்துப் பெண் அழாக்குறையாகப் பேசினாள். "ஓடுற பஸ்ஸுல இருந்து குதிக்கிறீங்களே டீச்சர்!" இரண்டாவது தொகுப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். பார்ப்போம் என்றாள். அட்டையின் நிறத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

திருவிழா நெருங்கியது. குடம் எடுக்கிறவர்கள் கையில் காப்புக் கட்டினார்கள். அம்மா போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டபோது முட்டி வலி என்றார். அன்று காலையில்தான் தலையில் விறகுக் கட்டோடு மேட்டில் ஏறி வந்திருந்தார். இரவில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ முன்னால நிக்கிறது என்று ஒரு தடவை முணுமுணுத்தார். மாரியம்மன் என்ன நினைப்பாள் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அம்மா அவள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க முடியாமல் போனது என்னால்தான் என்பதுதான் தாங்கவில்லை.

"இந்த வருசம் குடத்த நான் எடுக்கறேம்மா."

"நீயா? அமாவாசைக்கு அமாவாசைதான் ஒனக்குச் சாமி ஞாபகமே வரும்."

"கயிறு ஏறுனது என் தலைதானே? அந்தத் தலையவே கொண்டுபோய் அவகிட்டக் காட்டுறேன். என்னா சொல்றான்னு பாப்போம்."

அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். கிண்டலா, நிஜமா என்று அளக்கிற பார்வை அது. பிறகு எழுந்து, சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வெரதம் இருக்கணும். கவுச்சி ஆகாது. அந்தப் போன நோண்டிக்கிட்டு இருக்கறதும் ஆகாது" என்றார். கடைசியில் சொன்னது சாமியின் கட்டளை இல்லை, அம்மாவுடையது.

திருவிழாவுக்கு முதல்நாள் பதிப்பகத்துப் பெண் கூப்பிட்டாள். பால்குடம் விஷயத்தை நானே வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "டீச்சர், யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. கூடையவிட இது நல்லாப் போகும்!" முடியாது என்று சொல்லி, போனை அணைத்து அலுமாரியில் வைத்தேன்.

ஆற்றில் முழுகியபோது பல் தந்தியடித்தது. ஈர மஞ்சள் சேலையோடு நின்றேன். அம்மாவே குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றார். மேளம் முன்னே போக, வரிசை கோயிலுக்கு ஏறியது. பால் தளும்பி நெற்றியில் வழிந்தது. பாரம் கழுத்தில் இறங்கியது. பாதி வழியில் கண்ணைத் திருப்பிப் பார்த்தால், பக்கத்தில் அம்மா, என் போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நடந்து வருகிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா போனில் பச்சையை அழுத்திப் பேசுவார், சிவப்பை அழுத்தி வைப்பார். வேறு எதையும் தொடமாட்டார். அணைத்து வைத்த போனை எழுப்பி வீடியோ எடுக்கப் பக்கத்து வீட்டில் யாரிடமோ கற்றுக்கொண்டிருக்கிறார்.

"என்னப் பாக்காத. நேராப் பாத்து நட" என்றார்.

மாலையில் விரதம் விட்டு, இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். கோயில் இல்லை. மேளம் இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் இல்லை, என் முகமும் இல்லை. இடையில் கொஞ்ச நேரம் அம்மாவின் கட்டைவிரல். மற்றபடி ஆற்றிலிருந்து கோயில் வாசல்வரை, குடத்தின் அடியும் என் உச்சந்தலையும் மட்டும்தான்.

"மொகத்த எடுக்கவே இல்லையேம்மா?"

"மொகம் எதுக்கு?" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கிட்டே இழுத்து, கயிறு கிடந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த எடம் நல்லாத் தெரியுதுல்ல? போதும். இத சித்திக்கு மட்டும் அனுப்பு."

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மஸ்கெலியாவிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா பச்சையை அழுத்திக் காதில் வைத்தார். சித்தி நெடுநேரம் ஏதோ கேட்டாள். அம்மாவின் கை தானாக நீண்டு என் தலைமேல் வந்து அமர்ந்தது.

"ஆமா தங்கச்சி" என்றார். "எறங்கிருச்சு."